மழைத் தண்ணீர் போகும் வழியும் எங்கள் லயங்களும்

(தோட்டக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கால் வலியோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்குப் பேசப் போவது மழைத் தண்ணீரைப் பற்றி. "மழையிலேயே பொறந்து வளந்த எங்களுக்கு மழையைப் பத்தி என்னா சொல்லித் தரப் போறீங்க?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மழை உங்களுக்குத் தெரியும். ஆனால் பெய்த தண்ணீர் யாருடைய கானிலிருந்து நம்ம இஸ்தோப்புக்கு வருகிறது, நம்ம வாசலைத் தாண்டி யார் தலையில் போய் விழுகிறது, அதற்குத் திட்டம் போடுகிறவர் யார் என்று நாம் கூடிப் பேசியதில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு ஏக்கர் மலையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், அது சுமார் 4 லட்சம் லீட்டர் தண்ணீர். பத்தாயிரம் லீட்டர் பவுசர் 40 வந்து ஒரே ஏக்கரில் கொட்டின மாதிரி. ஆயிரம் சதுர அடி தகரக் கூரையில் மட்டும் 9,000 லீட்டருக்கு மேல் விழும். காட்டு மண் என்றால் பாதியைக் குடித்துக்கொள்ளும். தகரமும் சீமெந்தும் தார் ரோட்டும் ஒரு சொட்டுக்கூட குடிக்காது.

இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துத் தண்ணீர் கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. மஸ்கெலியாத் தண்ணீர் மவுஸ்ஸாகலைக்கு. இரண்டும் பிறகு களனி கங்கையாகி, அவிசாவளை தாண்டிக் கொழும்புக்கு இறங்குகின்றன. அக்கரப்பத்தனை, லிந்துலை, தலவாக்கலைத் தண்ணீர் கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியாகித் திருகோணமலைக் கடல் வரைக்கும் போகிறது. கொழும்பில் வெள்ளம் என்று டீவியில் காட்டும்போது "ஐயோ பாவம்" என்கிறோம். அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு நம்ம மலையிலிருந்து போனதுதான். அதோடு நம்ம மேல்மண்ணும் சேர்ந்து போகிறது. நீர்த்தேக்கங்கள் வருஷா வருஷம் தூர்ந்து போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டம் போட்ட காலத்தில் நல்ல சரிவெல்லாம் முதலில் கோப்பிக்கும், 1870க்குப் பிறகு தேயிலைக்கும் போயிற்று. மிஞ்சிய இடத்தில்தான் லயம் கட்டினார்கள். ஆத்தோரம், பள்ளத்தாக்கு, பெரிய சரிவின் அடிவாரம். அதனால் மேலே இருக்கும் ஒவ்வொரு கானும், ஒவ்வொரு ரோட்டும் நம்மை நோக்கித்தான் தண்ணீரை அனுப்புகிறது.

சரி, இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துத் திட்டம் போட யாரும் இல்லையா? இங்கேதான் நம்ம கதை மற்றக் கிராமங்களின் கதையிலிருந்து பிரிகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் ரோடு, கிணறு போன்ற வேலைகளுக்குச் சபைப் பணத்தைச் செலவு செய்ய அது தடையாக நின்றது. நாம் வாக்குப் போடலாம், ஆனால் நம்ம லயத்துக்குப் பின்னால் ஒரு கான் கட்டச் சபையால் முடியாது! 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதுச் சபைகளும் பிரிந்து வந்திருக்கின்றன. ஆகவே "தோட்டம் எங்களுக்குச் சேர்ந்ததில்லை" என்று இனிமேல் யாராவது சொன்னால், அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். சட்டம் மாறிவிட்டது என்று பணிவாகச் சொல்லுங்கள்.

திட்டம் துண்டு துண்டாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை மீரியபெத்தை காட்டியது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்குப் பக்கத்தில், பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன கொஞ்ச நேரத்தில் மலை இறங்கியது. லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னது ஒரு பக்கம். இடம் கொடுக்க வேண்டியது இன்னொரு பக்கம். வீடு கட்ட வேண்டியது வேறொரு பக்கம். அதற்குள் ஒன்பது வருஷம் போய்விட்டது. ஜனங்களும் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே இருந்தார்கள். "சொன்னா கேக்க மாட்டாங்க" என்று அவர்கள்மேல் பழி போடுவதை நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. போக ஒரு காம்பரா இல்லாதவனிடம் எழும்பிப் போ என்று சொல்வது எச்சரிக்கை ஆகாது.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலை நான் விளக்கத் தேவையில்லை. நாடு முழுக்க 600 பேருக்கு மேல் செத்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில்தான் அடி பலமாக விழுந்தது.

இப்போது தனி வீடுகள் வருகின்றன. மிகவும் நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சரிவில் இருபது வீடு வரிசையாகக் கட்டினால், மேல் வீட்டுக் கூரைத் தண்ணீர் கீழ்வீட்டுச் சுவருக்கு வருகிறது. சாவி கொடுக்கும் நாளில் எல்லோரும் கதவையும் ஜன்னலையும் பார்க்கிறார்கள். பீலி எங்கே முடிகிறது, கான் எந்த ஓடையில் போய்ச் சேருகிறது என்று கேட்பவர் குறைவு. ரோடு அகலமாக்கும்போதும் அதே கதைதான். ரோட்டுக்கு அடியில் போக்கு போட்டு, தண்ணீரை மறுபக்கம் தள்ளிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். மறுபக்கத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தாலும் சரிதான்! வேலை தொடங்க முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. சீமெந்து காய்ந்த பிறகு கேட்டால் பதில் வராது.

தோட்டத்துக் கானைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு கான் வெட்டவென்றே ஆள் பிரித்து விடுவார்கள். மலையைக் குறுக்கே சுற்றி வெட்டிய கான் தண்ணீரை மெதுவாக நடத்திக் கூட்டிப் போகும். இன்றைக்கு ஆள் குறைந்துபோய், பல மலைகளில் கான் தூர்ந்து கிடக்கிறது. தண்ணீர் நடக்காமல் பாய்கிறது. துரைமாரிடம் இதைக் கேட்பது நம்ம உரிமை. அதே வேளையில், லயத்துக் கானில் சொப்பிங் பையைப் போடுவதும், மரக்கறிப் பாத்தியை மேலிருந்து கீழாக நேரே இழுப்பதும் துரைமார் செய்கிற வேலை இல்லை, இல்லையா?

மழையை நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான உயரமான டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இதுதான்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர், அதாவது மூன்று அங்குலம் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் புறப்பட ஆயத்தம். 150 தாண்டினால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 பெய்தால், இருக்கக்கூடாது, எழும்ப வேண்டும். டின் என்ன சொன்னாலும், நிலத்தில் புது வெடிப்பு, கதவு இறுகுவது, மரம் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று வருவது, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 117க்கு அடியுங்கள். ராத்திரி என்றாலும் அடியுங்கள். போக வேண்டிய இடம் எது, பாட்டிமாரைத் தூக்குவது யார் என்பதை வெயில் நாளிலேயே பேசி வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கோயிலடியில் கூடுவோம். லயத்துக்கு மேல் மலையிலிருந்து கீழ் ஆறு வரை ஒவ்வொரு கானையும், போக்கையும் நடந்து பார்த்துப் படம் போடுவோம். எது தோட்டத்துக் கான், எது ரோட்டுக்காரர் கான், எது சபைக்குச் சேர்ந்தது என்று மூன்று நிறத்தில் கோடு போட வேண்டும். படம் கீறத் தெரிந்த ஸ்கூல் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வரட்டும். வயதான ஐயாமார் கட்டாயம் வர வேண்டும். மூடிப்போன பழைய கான் எங்கே ஓடியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் படத்தில் மூன்று பிரதி எடுத்து, தோட்ட ஒபிசுக்கும், பிரதேச சபைக்கும், கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கும் கொடுப்போம். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் திகதியும் கேட்டு வாங்குவோம். மாதர் சங்கத்து அக்காமார் தேத்தண்ணி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழை பெய்தால் குடையோடு வாருங்கள். தண்ணீர் ஓடும் வழி அன்றைக்குத்தான் நன்றாகத் தெரியும்.