ஒரு பிள்ளைக்கு ஒரு திட்டம்



நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் பாடநூல் ஒன்றே, தேர்வுத்தாளும் ஒன்றே. அந்த ஒன்றோடு இயைந்து நடக்க இயலாத பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும். ஆனால், கற்றல் அப்பிள்ளையைச் சென்றடைவதில்லை. ஆண்டுதோறும் வகுப்பு மட்டும் உயர்கிறது. பார்வை, செவி, இயக்கம், அறிவு வளர்ச்சி ஆகியவற்றில் குறைபாடுடைய பிள்ளைகளும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் காலங்காலமாக அடைந்துவரும் நிலை இதுவே. இதனை மாற்ற எழுந்த ஏற்பாடே தனிநபர் கல்வித் திட்டம்.

இவ்வேற்பாடு சட்டக் கடமையாக வேரூன்றிய நாடு அமெரிக்கா. அங்கு ஏறத்தாழ பத்து லட்சம் பிள்ளைகள் குறைபாட்டைக் காரணமாகக் கொண்டு அரசுப் பள்ளிகளிலிருந்து முற்றாக விலக்கப்பட்டிருந்தனர் என்பதை அந்நாட்டு நாடாளுமன்றமே பதிவு செய்தது. அதன்பின் இயற்றப்பட்ட சட்டத்தில் 1975 நவம்பர் 29 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையொப்பமிட்டார். தகுதியுடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமற்ற, தகுந்த கல்வி வழங்கப்படவேண்டும்; அக்கல்வி எவ்வாறு வழங்கப்படும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை தனித்தனியே எழுதப்படவேண்டும் என்பது அச்சட்டத்தின் உயிர்.

அத்திட்டத்தில் நான்கு செய்திகள் இன்றியமையாதவை. பிள்ளை இன்று எந்நிலையில் இருக்கிறது என்பது முதலாவது. ஓராண்டில் எட்டவேண்டிய, அளந்தறியத்தக்க இலக்கு இரண்டாவது. அதற்காகப் பள்ளி அளிக்கும் சிறப்புக் கற்பித்தலும் பயிற்சிகளும், அவை வாரத்திற்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற விவரமும் மூன்றாவது. முன்னேற்றத்தை எவ்வாறு அளந்து, எப்போது பெற்றோர்க்கு அறிவிப்பது என்பது நான்காவது. வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர், பள்ளி நிர்வாகத்தின் சார்பாளர் ஆகியோருடன் பெற்றோரும் அக்குழுவின் உறுப்பினர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் திட்டம் மறுபார்வைக்கு வரவேண்டும்.

இவற்றுள் இலக்கே தலையாயது. “வாசிப்புத் திறன் மேம்படும்” என்று எழுதுவது நல்லெண்ணமே தவிர இலக்கன்று. “இன்று பத்து எளிய சொற்களில் மூன்றைப் படிக்கும் பிள்ளை, மார்ச் மாதத்திற்குள் எட்டைப் படிக்கும்” என்பதே இலக்கு. முதலாவதை எவரும் தோற்றதாகக் காட்ட இயலாது. அதனாலேயே அது எவரையும் கடமைப்படுத்துவதில்லை. இரண்டாவது, நிறைவேறாதபோது ஏன் என்று கேட்கும் உரிமையைப் பெற்றோர்க்கு அளிக்கிறது.

இவ்வேறுபாட்டின் ஆழத்தை உணர்த்திய வழக்கு ஒன்று உண்டு. கொலராடோ மாநிலத்தில் ஆட்டிசம் உள்ள எண்ட்ரூ என்னும் சிறுவன் நான்காம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றான். நாய், ஈ, தரையில் சிந்திய நீர் போன்ற எளிய பொருள்களும் அவனை நடுங்கச் செய்தன. ஆண்டுதோறும் அவனுக்குத் திட்டம் எழுதப்பட்டது. எனினும் முன்னாண்டின் இலக்குகளே பெரும்பாலும் மறுபடியும் எழுதப்பட்டு வந்தன. ஐந்தாம் வகுப்பிற்கான திட்டமும் அவ்வாறே அமைந்ததைக் கண்ட பெற்றோர், அவனை ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான தனியார் பள்ளியில் சேர்த்தனர். அங்கு அவன் முன்னேறினான். அச்செலவை ஈடுசெய்யுமாறு அவர்கள் தொடுத்த வழக்கு, கீழ்நிலைகள் அனைத்திலும் தோற்றது. பெயரளவிலான பயனைவிடச் சற்றே கூடுதலாகக் கிடைத்தாலும் போதும் என்பது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கருத்து.

2017 மார்ச் 22 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அக்கருத்தை மறுத்தனர். தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுவே: திட்டம் என்பது அப்பிள்ளையின் சூழலுக்கேற்ற உண்மையான முன்னேற்றத்தை நோக்கி வகுக்கப்பட்டதாக இருக்கவேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அறைகூவலாக அமையும் இலக்குகள் வேண்டும்.

அடுத்த மாதமே, 2017 ஏப்ரல் 19 அன்று, இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்கிறது. 40 விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புடைய பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமையை அளிக்கிறது. தேவையான தனிப்பட்ட ஆதரவை வழங்குவதும், மாற்றுத்திறனாளி மாணவர் ஒவ்வொருவரின் கல்வி முன்னேற்றத்தைக் கண்காணிப்பதும் கல்வி நிறுவனங்களின் கடமை என்கிறது அதன் 16ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களின் வாயிலாகச் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணிபுரிகின்றனர். எனினும், அமெரிக்கச் சட்டத்தைப் போலத் திட்டத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாக இந்தியச் சட்டம் வரையறுக்கவில்லை. ஆகவே கேட்கும் பொறுப்பு பெரிதும் குடும்பத்தின் மேல் விழுகிறது.

ஆனால் குடும்பங்கள் பல, பொதுத்தேர்வு நெருங்கும்போதே விழித்தெழுகின்றன. சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளுக்குச் சான்றிதழ் தேடி அலைகின்றன. அச்சலுகைகள் நியாயமானவையே, அவை வேண்டும். ஆயினும் அவை கற்றதை வெளிப்படுத்த உதவுமேயன்றி, கற்பிக்கப்படாததை ஈடுசெய்யமாட்டா. பத்தாம் வகுப்பில் கிடைக்கும் ஒரு மணி நேரம், இரண்டாம் வகுப்பில் இழந்த ஆண்டைத் திருப்பித் தாராது.

ஆதலின் பெற்றோர் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிக்குச் சென்று நான்கு கேள்விகள் கேட்கலாம். பிள்ளை இன்று எதைத் தானே செய்கிறது? அடுத்த ஆண்டு இதே நாளில் எதைச் செய்யவேண்டும்? அதற்காக யார், எத்தனை மணி நேரம் உழைப்பார்? அளந்து பார்ப்பது எப்போது? விடைகளை எழுத்தில் பெற்று, நாளிட்டு, பாதுகாத்து வைத்தல் நலம். வீட்டில் பிள்ளை என்ன செய்கிறது என்பதைப் பெற்றோர் குறித்து வந்தால், அது ஆசிரியர்க்கும் துணையாகும். உற்றார் உறவினரும், “எப்போது சரியாகும்?” என்று வினவுவதை விடுத்து, “இவ்வாண்டு எதைக் கற்கிறான்?” என்று வினவுவாராயின், அக்குடும்பத்தின் பாரம் பாதி குறையும்.

சென்ற ஆண்டின் தாளையும் இவ்வாண்டின் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வரி இருக்குமாயின், மாறவேண்டியது பிள்ளையன்று, திட்டமே.