பிணியோடு பருவமடையும் பிள்ளைகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



1922-ஆம் ஆண்டு ஜனவரியில், கனடா நாட்டின் டொராண்டோ நகரில், லெனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் அவ்வகைச் சர்க்கரை நோய் கண்ட பிள்ளைகள் வாலிபத்தைக் காண்பதே அரிது. இன்று அவர்கள் வளர்ந்து ஆளாகின்றனர். பிறவி இருதயக் குறைபாடு, தலசீமியா, வலிப்பு ஆகியவற்றைச் சுமக்கும் பிள்ளைகளும் அவ்வாறே. அல்ஹம்துலில்லாஹ். ஆனால், வளர்ந்தவர்களை இனி எந்த மருத்துவர் பார்ப்பார் என்று நம் வீடுகளில் எவரும் யோசித்து வைப்பதில்லை.

குழந்தை மருத்துவர் பல்லாண்டு பழகியவர். உம்மாவிடம் கேட்டு, உம்மாவிடமே மருந்துச் சீட்டைத் தருவார். நம் நாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் 12 வயதோடும், வேறு சிலவற்றில் 18 வயதோடும் அந்த வாசல் அடைபடுகிறது. பெரியவர்களுக்கான பிரிவிலோ மருத்துவர் நோயாளியை நோக்கியே வினவுவார்: என்ன நோய்? எந்த மருந்து? எத்தனை யூனிட்? பிள்ளை திரும்பி உம்மாவின் முகத்தைப் பார்க்கும். தவணைக்கு வராவிட்டால் அங்கே பெரும்பாலும் எவரும் தேடுவதில்லை. மருந்து நின்றுபோவது இந்த இடைவெளியில்தான். இன்சுலின் நின்றால் இப்பிள்ளைகளின் இரத்தத்தில் அமிலம் மிகுந்து, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

தொழுகையை ஏழு வயதிலேயே சொல்லித்தந்து பழக்குகிறோம். பருவ வயதில் அது கடமையாகிறது. நோயின் பொறுப்போ இருபது வயதிலும் உம்மாவின் கைப்பையிலேயே இருக்கிறது. பாசமே அதற்குக் காரணம் என்பதை அறிவோம். பிரிட்டனில் 2016-இல் வெளியான மருத்துவ வழிகாட்டுதல், இம்மாற்றத்திற்கான ஆயத்தம் 13 அல்லது 14 வயதிலேனும் தொடங்கிவிட வேண்டும் என்கிறது. இதற்குப் பெருஞ்செலவு ஒன்றும் இல்லை. நோயின் பெயர், மருந்துகளின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து, செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பிள்ளையே தன் கையால் ஒரு நோட்டில் எழுதட்டும். மருத்துவரிடம் சில நிமிடங்கள் தனியாகப் பேசட்டும். வாப்பா வெளியே அமரட்டும். பழைய மருத்துவரை விட்டு வருவதற்கு முன்பே, அடுத்து யாரிடம் செல்வது என்று கேட்டு, அவருக்கு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் கல்லூரியில் சேர்பவர், வளைகுடாவுக்குப் புறப்படுபவர் யாவருக்கும் அக்கடிதம் தேவைப்படும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சற்று வெளிப்படையாகவே பேச வேண்டியுள்ளது. சம்பந்தம் தட்டிப்போகும் என அஞ்சி நோயை மறைக்கின்றனர். மறைத்து அனுப்பப்பட்ட பெண், மாமியார் வீட்டில் ஊசியை எங்கே வைப்பாள்? எப்போது போட்டுக்கொள்வாள்? கருவுறும் காலத்தில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிடில் சிசுவுக்குப் பிறவிக் குறைபாடு நேரும் வாய்ப்பு மிகுகிறது. பேச்சு எழும்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை. கேட்டுவிட்டு விலகும் குடும்பம் விலகட்டும். அவர்கள் வீட்டில் அவள் ஒளித்து ஒளித்து வாழ்வதைவிட அது நல்லது.

இறுதியாக நோன்பு. பருவமடைந்த பிள்ளை நண்பர்களோடு தானும் நோன்பு நோற்க ஆசைப்படும். நோற்கவில்லை என்று சொல்ல வெட்கப்படும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கிறது. அதை ஏற்பதில் வெட்கமில்லை. இன்சுலின் போடும் பிள்ளைகள் ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் முன்பே மருத்துவரைக் காண வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். அனுமதி பெற்று நோற்பவர்களும், இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேல் ஏறினாலோ, மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருப்பினும் நோன்பை விட்டுவிட வேண்டும். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது. பெற்றோர் சொல்லியும் நம்பாத பிள்ளைகளை எம்மிடம் அனுப்புங்கள். அஸருக்குப் பின் பள்ளிவாசலில்தான் இருப்போம்.