எது ஊர்? பௌசானியாஸ் நடந்த வழி

(மயிலாப்பூரில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கிரேக்கம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பௌசானியாஸ் என்று ஒருத்தர் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பத்துப் பகுதிகள் எழுதினார். கி.மு. 146இல் கொரிந்து நகரத்தை ரோமப் படை தரைமட்டமாக்கி முந்நூறு வருஷம் ஓடிவிட்டிருந்தது. நாடு ரோமின் மாகாணம். இவரோ புதுக் கட்டடங்களைப் பெரும்பாலும் பார்க்காத மாதிரியே தாண்டிப் போகிறார். பழைய கோயில், இடிந்த மதில், வீரனின் கல்லறை, உள்ளூர்க்காரர் சொல்லும் கதை இவற்றில்தான் நின்று நின்று எழுதுகிறார். (ஹேட்ரியன் சக்கரவர்த்திக்குப் புகழ்மாலை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.) எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதிலேயே ஆளப்படுகிறவன் தன் அடையாளத்தைக் கட்டிக்கொள்கிறான்.

ஆனால் இது வசதி உள்ளவரின் பார்வை. பத்தாம் பகுதியில் பனோபியஸ் என்ற இடத்துக்கு வருகிறார். அரசு அலுவலகம் இல்லை, அரங்கு இல்லை, சந்தைவெளி இல்லை, தண்ணீர்த் தொட்டி இல்லை. ஓடைப்பள்ளத்து ஓரமாகக் குடிசைகள். இதையெல்லாம் நகரம்னு சொல்லலாமா என்று அவருக்குச் சந்தேகம்.

இந்தச் சந்தேகம் நமக்குப் புதுசா? ஊர் வேறு சேரி வேறு என்று பிரித்தவனுக்கும் இதே கண்தான். 2022இல் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரம், வீடுகளை இடித்தார்கள். எதிர்த்துத் தீக்குளித்த ஒருவர் செத்துப்போனார். அரசாங்கக் காகிதத்தில் அது ஊர் இல்லை, 'ஆக்கிரமிப்பு'.

பௌசானியாஸ் அதோடு நிறுத்தவில்லை. பனோபியஸ்காரர்களுக்கு எல்லை உண்டு, போக்கிஸ் பேரவைக்குப் பிரதிநிதி அனுப்புகிறார்கள் என்றும் எழுதிவிடுகிறார். அப்போ ஊரை ஊராக்குவது கட்டடமா, சபையில் உட்காரும் உரிமையா? இங்கே தெருவில் நடப்பதற்கே சபையில் உட்கார வேண்டியிருந்தது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம் பொதுத்தெரு, பொதுக்கிணறு பற்றியதுதான். பௌசானியாஸுக்கு யாரும் வழிமறித்ததாகத் தெரியவில்லை.

நாலாம் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது. மெசேனியர் ஸ்பார்ட்டாவுக்கு அடிமைகளாகி, ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு உழுது கொட்டியவர்கள். கி.மு. 369 வாக்கில் விடுதலை. தோல்விக்கு முன் அவர்களுடைய வீரன் அரிஸ்டோமெனஸ் எதையோ இரகசியமாக மலையில் புதைத்தானாம். விடுதலை வந்ததும் தோண்டினால் வெண்கலக் குடம். உள்ளே தகரத் தகடு, புத்தகம் மாதிரி சுருட்டியது, எழுத்தோடு. கதைதான். ஆனால் தோற்றவனின் கதை இப்படித்தான் இருக்கும்.

பண்டிதர் அயோத்திதாசர் 1907இலிருந்து 1914இல் இறக்கும்வரை 'தமிழன்' நடத்தினார். பௌசானியாஸ் ரோமைத் தாண்டிப் பழைய கிரேக்கத்தைப் பார்த்தார் என்றால், இவர் பார்ப்பனியத்தைத் தாண்டிப் பூர்வ பௌத்தத்தைப் பார்த்தார், குடிசைப் பக்கம் நின்று. ஞான. அலாய்சியஸ் தொகுத்து அந்த எழுத்துக்கள் பெருந்தொகுதிகளாக வந்தது 1999இல். எண்பத்தைந்து வருஷம். 'தமிழன்' வெளிவந்த ராயப்பேட்டை இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.