நம் உடம்பிலும் முகத்துவாரம் உண்டு

(பழவேற்காடு பகுதி மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடல் தண்ணி ஏரிக்குள்ள வராது, இறால் குஞ்சு வராது, படகு போகாது. நம் ரத்தக்குழாய்களும் அப்படித்தான். வழி திறந்திருந்தால்தான் பிழைப்பு.

ரத்தக்குழாய் மூன்று வகை. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. இதயம் துடிக்கும்போதெல்லாம் ரத்தம் வேகமாகப் பாயும். அதைத் தாங்க தமனியின் சுவர் தடிப்பாக, ரப்பர் போல விரிந்து சுருங்கும். மணிக்கட்டில் நாடி பார்க்கிறோமே, அது தமனியின் துடிப்பு.

தமனி கிளை கிளையாகப் பிரிந்து, தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகளாகிறது. அவற்றின் சுவர் ஒரே ஒரு செல் கனம்தான். அதன் வழியாகத்தான் ஆக்சிஜனும் சத்தும் உடம்புக்குச் சேருகிறது.

ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. புறங்கையில் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது நரம்பு இல்லீங்க, சிரை. காலிலிருந்து மேலே ஏறும் ரத்தம் கீழே இறங்காமல் இருக்க சிரைக்குள் வால்வுகள் உண்டு. நடக்கும்போது கெண்டைக்கால் சதை அழுத்தி மேலே தள்ளும். ஏலத்திலும் சந்தையிலும் மணிக்கணக்கா நின்னா ரத்தம் காலில் தேங்கும். நாளடைவில் வால்வு பழுதாகி, சிரை புடைத்துச் சுருண்டுவிடலாம். நடுநடுவே நாலு எட்டு நடங்க. உட்காரும்போது காலை உயர்த்தி வைங்க.

தமனிக்கு வரும் கெடுதல் வெளியே தெரியாது. ரத்த அழுத்தம் 140க்கு 90, அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் தமனியின் உள்சுவர் புண்ணாகும். அங்கே கொழுப்பு படிந்து வழி குறுகும். இதயத்தில் அடைத்தால் மாரடைப்பு, மூளையில் அடைத்தால் பக்கவாதம். நம் குழு அக்கா ஒருவர், "தலைசுத்தல்தான் இல்லையே" என்று மாத்திரையை நிறுத்தினார். ஒரு காலையில் கூடையைத் தூக்க வலதுகை வரவில்லை. வலி இல்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. டாக்டர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

கருவாடு நம் தொழில். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உப்பு அழுத்தத்தைக் கூட்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை நன்றாக ஊறவைத்துக் கழுவுங்க, குழம்பில் உப்பைக் குறைங்க. புகையிலை போடுவதையும் விட்டுவிடணும்.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலைக்கு வந்தவர்கள் நம்மைப் போன்ற சுயஉதவிக் குழுப் பெண்கள்தான். ஊருக்குச் செய்கிற நாம் நமக்கும் செய்துகொள்ள வேண்டாமா?

அடுத்த கூட்டத்தில் சேமிப்புப் பணம் எழுதும்போது, பக்கத்தில் இருப்பவரிடம் "பிரஷர் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். அதுவும் சேமிப்புதான்.