உள்ளே போனது எங்கே போய்ச் சேர்ந்தது?



செல் சவ்வு வழியே பொருள்கள் உட்செல்லும் முறைகளை ஆராயும் இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறீர்கள். மனமார்ந்த நன்றி. உங்கள் ஆய்வுச் சுருக்கங்களை நேற்றிரவு முழுவதும் படித்தேன். உழைப்பும் ஆர்வமும் ஒவ்வொன்றிலும் தெரிகின்றன. ஆனால் அவற்றில் பல, ‘துகள் செல்லுக்குள் நுழைந்தது’ என்ற வாக்கியத்தோடு முடிந்துவிடுகின்றன. அந்த வாக்கியத்துக்குப் பிறகு வர வேண்டிய கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது ஒரு பாரமீசியம். இளங்கலை இரண்டாம் ஆண்டு, செய்முறை வகுப்பு. வைக்கோல் ஊறிய தண்ணீரில் வளர்ந்த உயிரிகளோடு, காங்கோ ரெட் சாயத்தில் கொதிக்கவைத்த ஈஸ்ட்டில் ஒரு சொட்டு கலந்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம். குறு இழைகள் துடிக்க, சிவப்பு ஈஸ்ட் வாய்க்குழிக்குள் சரசரவென்று இறங்கியது. குழியின் அடியில் ஒரு குமிழி உப்பியது, பிரிந்தது, நகர்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் அந்த உடல் முழுக்கச் சிவப்பு மணிகள். சில நிமிடங்கள் கழித்துப் பார்த்தால், முதலில் போன மணிகள் ஊதாவாகி, நீலமாகிக்கொண்டிருந்தன. “சார், சாயம் வெளுக்குது” என்றேன். என் ஆசிரியர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “வெளுக்கலப்பா, அங்க அமிலம் சுரக்குது. உள்ள போனதைப் பார்த்துட்ட. போனது என்ன ஆகுதுன்னு இப்பப் பாரு.”

ஆசிரியரின் அந்தச் சொற்களில் இத்துறையின் வரலாறே அடங்கியிருக்கிறது. 1882-இல் சிசிலியின் மெசினாவில் மெச்னிகோவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளவுயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை, நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. செல் விழுங்குதல் நோய் எதிர்ப்பின் அடிப்படை என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. 1908-இல் நோபல் பரிசும் வந்தது. 1931-இல் வாரன் லூயிஸ், செல்கள் திரவத்தைக் குடிப்பதைத் திரைப்படமாகவே எடுத்துக் காட்டினார். விழுங்குதல், குடித்தல் இரண்டையும் சேர்த்து ‘எண்டோசைட்டோசிஸ்’ என்ற பெயரை 1963-இல் வழங்கியவர் கிறிஸ்டியன் டி டூவ். லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில்தான் அதை முன்வைத்தார். அந்தக் கருத்தரங்கின் பொருள் லைசோசோம். அதாவது செல்லின் வயிறு. லைசோசோமைக் கண்டுபிடித்தவரும் அவரே. நுழைவுக்குப் பெயர் வைத்தவர், போய்ச் சேரும் இடத்தை அறிந்தவர். இந்தப் பொருத்தத்தை நாம் மறந்துவிடக் கூடாது.

சவ்வு எப்படிக் குமிழியாகிறது என்பதற்கு முதல் தெளிவான படம் கொசுவிடமிருந்து கிடைத்தது. நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுதான். இரத்தம் குடித்த ஏழு மணி நேரத்தில் அதன் முட்டைச் செல்லின் மேற்பரப்பில் சிறு குழிகளின் எண்ணிக்கை பதினைந்து மடங்கு பெருகுவதை 1964-இல் ராத், போர்ட்டர் இருவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார்கள். மஞ்சள் கருப் புரதம் அந்தக் குழிகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. குழிகளின் உட்புறத்தில் முட்கள் போல ஒரு பூச்சு. 1969-இல் கானசெக்கி, கடோட்டா இருவரும் அந்தப் பூச்சு உண்மையில் குமிழியைச் சுற்றிய ஒரு கூடை என்று காட்டினார்கள். 1975-இல் கேம்பிரிட்ஜில் பார்பரா பியர்ஸ், பன்றி மூளையிலிருந்து கூடைகளைப் பிரித்தெடுத்தார்; அவற்றை முடையும் புரதத்துக்குக் கிளாத்ரின் என்று பெயரிட்டவரும் அவரே. மூன்று கால்கள் கொண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி, ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கூடை முடைகின்றன. குமிழி உள்ளே வந்ததும் கூடை அவிழ்கிறது. அதே கிளாத்ரின் அடுத்த கூடைக்குப் போகிறது.

டல்லாஸில் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் செய்த ஆய்வை மட்டும் சற்று நின்று பார்ப்போம். பிள்ளைப் பருவத்திலேயே மாரடைப்பு வரும் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயின் காரணத்தை அவர்கள் தேடினார்கள். இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து திரியும் எல்.டி.எல். துகளைப் பிடிக்க, செல்லின் மேற்பரப்பில் ஓர் ஏற்பி இருக்கிறது. பல நோயாளிகளுக்கு அந்த ஏற்பியே இல்லை, அல்லது அதற்குத் துகளைப் பிடிக்கும் திறன் இல்லை. ஆனால் ஒரு நோயாளியின் செல்கள் அவர்களைத் திகைக்க வைத்தன. துகளை நன்றாகவே பிடித்தன, உள்ளே கொண்டுபோகவில்லை. 839 அமினோ அமிலங்கள் கொண்ட ஏற்பியில், செல்லுக்குள் நீட்டியிருக்கும் வாலில், 807-ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதிலாகச் சிஸ்டீன். அவ்வளவுதான். அந்த ஓரெழுத்துப் பிழையால் ஏற்பிகள் கூடை முடையும் குழிகளுக்கு வந்து சேராமல் மேற்பரப்பெங்கும் சிதறிக் கிடந்தன. பிடித்தல் வேறு, உள்வாங்கல் வேறு என்று அந்த நோயாளியின் செல்கள் உலகுக்குக் கற்பித்தன.

உள்ளே போன பிறகு நடப்பது இன்னும் நுட்பம். உள்ளே வந்த குமிழிகள் முதலில் சேரும் எண்டோசோம் என்ற அறையின் அமிலத்தில் ஏற்பி தன் பிடியை விடுகிறது. எல்.டி.எல். லைசோசோமுக்குப் போய்ச் செரித்து, கொலஸ்ட்ரால் செல்லுக்குக் கிடைக்கிறது. ஏற்பியோ மேற்பரப்புக்குத் திரும்பிவிடுகிறது. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு நடை. ஒரு நாள் கூட நீளாத தன் ஆயுளில் நூற்றுக்கும் மேற்பட்ட நடைகள். கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல் ஒன்று மணிக்குத் தன் கொள்ளளவில் கால் பங்கு திரவத்தைக் குடிக்கிறது. ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தன் மேற்பரப்புச் சவ்வு முழுவதற்கும் ஈடான பரப்பை உள்ளே இழுக்கிறது. இழுத்ததைத் திருப்பி அனுப்பாவிட்டால் அந்தச் செல் ஒரு மணி நேரம் தாங்காது. எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்று பிரித்தறிவதுதான் செல்லின் உண்மையான வேலை.

குமிழிக்குள் இருக்கும் பொருள் இன்னும் செல்லின் சைட்டோபிளாசத்தைத் தொடவில்லை. இடையே ஒரு சவ்வு நிற்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் போல, கூரைக்குக் கீழே வந்தாயிற்று; வாசற்கதவு இன்னும் திறக்கவில்லை. இந்தத் திண்ணையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்வது காசநோய்க் கிருமி. மேக்ரோஃபேஜ் அதை விழுங்குகிறது. ஆனால் உயிருள்ள கிருமி இருக்கும் குமிழி லைசோசோமோடு இணைவது தடைபடுகிறது என்று 1971-இல் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் இருவரும் காட்டினார்கள். சிதைந்த கிருமிகள் இருந்த குமிழிகள் வழக்கம்போல் இணைந்தன. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால் பங்கினர் நம் நாட்டவர். நம் ஆய்வகங்களுக்கு இது ஏட்டுப் பாடம் மட்டுமே ஆகாது.

மருந்து சுமக்கும் நுண்துகள்களுக்கும் இதே கதைதான். கொழுப்புத் துகள்களில் வைத்து அனுப்பிய சிறு ஆர்.என்.ஏ.வில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு மட்டுமே எண்டோசோமிலிருந்து தப்பிச் சைட்டோபிளாசத்தை அடைகிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மற்றதெல்லாம் திண்ணையிலேயே நின்றுவிடுகிறது. துகளில் ஏற்றிய ஒளிர்சாயத்தால் செல் பச்சையாக ஒளிர்வதைப் படமெடுத்து ‘மருந்து சேர்ந்தது’ என்று எழுதும்போது, அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடுவது நமக்குத் தகுமா?

நானும் அப்படி விட்டவன்தான். என் மாணவர் ஒருவரின் ஆய்வேட்டில் அத்தகைய படத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன். பிறகு செல்லுக்கு வெளியே உள்ள ஒளியை மட்டும் அணைக்கும் ட்ரிபான் புளூ சாயத்தைச் சேர்த்துப் பார்த்தபோது ஒளியில் பெரும்பகுதி அணைந்தது. துகள்கள் சவ்வின் மேல் ஒட்டியிருந்தனவே தவிர, உள்ளே போகவில்லை. அந்த மாணவர் ஆறு மாதம் மறுபடி உழைத்தார். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிய கருவிகளை அல்ல. நான்கு டிகிரியில் ஒரு தட்டு வையுங்கள். அந்தக் குளிரில் துகள் ஒட்டும், உள்ளே போகாது. வழக்கமான வெப்பத்தில் வைத்த தட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுதான் உள்வாங்கல். மேற்பரப்பின் ஒளியை அணைத்துவிட்டுப் பாருங்கள். லைசோசோமுக்கும் சாயமிட்டு, உங்கள் துகள் அதோடு சேர்கிறதா என்று பாருங்கள். ஐந்து, பதினைந்து, அறுபது நிமிடங்களில் தனித்தனியாகப் படமெடுங்கள். எவ்வளவு திரும்பி வெளியே வந்தது என்று கணக்கிடுங்கள். நுண்ணோக்கி ஒன்றே உள்ள கல்லூரியிலும் வைக்கோல் தண்ணீரும் காங்கோ ரெட்டும் கிடைக்கும். சிவப்பு நீலமாகும் அந்தச் சில நிமிடங்களை ஒவ்வொரு மாணவரும் தன் கண்ணால் பார்க்கட்டும்.

இந்த இரண்டு நாளும் ஒவ்வொரு கட்டுரை முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, “உள்ளே போனது எங்கே போய்ச் சேர்ந்தது?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வருத்தம் வேண்டாம். அடுத்த ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. அந்தக் கேள்வியோடு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.