கட்டற்ற மென்பொருளும் திறந்த கல்வியும்: ஒரு பேராசிரியரின் பாதை

(குடியரசு தினத்தன்று நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறேன்.)



செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "பேங்க்கில் கிளார்க்காக இருந்தவன் நான், பி.காம். படித்தவன், என்ன பேசுவது?" என்றேன். "தெரிந்ததைப் பேசுங்கள் சார்" என்றார். அதனால் பேங்க்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்குக்கு வட்டி போட ஒரு விதி உண்டு. மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் எது குறைந்தபட்ச இருப்போ, அதற்குத்தான் வட்டி. லெட்ஜர் காலத்தில் நாங்கள் கையால் கணக்குப் போடுவோம், ஆபீசர் சரிபார்ப்பார், பிறகு ஆடிட்டர் பார்ப்பார். தப்பு இருந்தால் யார் கண்ணிலாவது பட்டுவிடும்.

பிறகு கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அரையாண்டு வட்டியை அதுவே போட்டது. ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பாஸ் புக்கோடு வந்தார். வீட்டு வாடகையை மாதா மாதம் சரியாக 10ஆம் தேதி கட்டுபவர். "வட்டி குறைகிறது தம்பி" என்று நோட்டில் போட்டுவந்த கணக்கைக் காட்டினார். நானும் போட்டுப் பார்த்தேன், அவர் கணக்குதான் சரி. 10ஆம் தேதி கட்டிய பணத்தை மிஷின் அந்த மாதத்தில் சேர்க்கவில்லை. சில ரூபாய்தான் வித்தியாசம். ஆனால் அவரைப் போல எத்தனை பேர் இருந்தார்களோ!

அந்த புரோகிராமைத் திறந்து பார்க்க எங்களுக்கு உரிமை இல்லை. மேலிடத்துக்கு எழுதினோம், மேலிடம் கம்பெனிக்கு எழுதியது. பதில் வருவதற்குள் அடுத்த அரையாண்டு வட்டியும் போட்டாயிற்று. அதுவரை 10ஆம் தேதிக்காரர்களுக்கு மட்டும் நான் கையால் வட்டி போட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். சொந்த லெட்ஜரையே பார்க்க முடியாத கிளார்க் ஆகிவிட்டோமே என்று அப்போது வருத்தமாக இருந்தது.

இந்த வருத்தத்துக்கு ஒரு பெயர் உண்டு என்பதும், அதை மாற்றுவதற்கென்றே உழைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும் ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சொல்லிக்கொடுத்தது என் பேத்தி. கலர் கலரான கட்டங்களை ஒன்றோடொன்று பொருத்தி, அவளே ஒரு மொபைல் ஆப் செய்து காட்டினாள். "ஆப் இன்வென்டர் தாத்தா, காசு கிடையாது" என்றாள். காசில்லாமல் யார் இதைக் கொடுக்கிறார்கள் என்று தேடியபோது கிடைத்த பெயர் ஹால் ஏபல்சன்.

அவர் எம்.ஐ.டி. பேராசிரியர். நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 1947இல் பிறந்தவர், 1973இல் அங்கேயே கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

அதே நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். அங்கே புதிதாக வந்த பிரின்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டே இருந்தது. சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி புரோகிராமைத் திருத்த நினைத்தார். அதன் மூல நிரலைத் தர மறுத்துவிட்டார்கள். என் வட்டிக் கணக்குக் கதைதான்! நான் புலம்பியதோடு நின்றேன், அவர் 1983இல் க்னூ என்ற திட்டத்தை அறிவித்தார், அடுத்த ஆண்டு வேலையையே விட்டார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பிறந்தது. அதன் தொடக்ககால இயக்குநர்களில் ஒருவர் ஏபல்சன்.

கட்டற்றது என்றால் என்ன? மென்பொருளை எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தலாம். உள்ளே பார்த்துத் தேவைப்படி மாற்றலாம். பிறருக்குப் பிரதி கொடுக்கலாம். மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமைகள்தான். இலவசம் என்பது வேறு விஷயம். ஸ்டால்மனே தம்முடைய ஈமாக்ஸ் என்ற மென்பொருளை டேப்பில் பதிந்து, ஒன்று 150 டாலருக்கு விற்றுத்தான் அந்தக் காலத்தில் பிழைத்தார். வாங்கியவர் அதை நூறு பேருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், தடை இல்லை. காமர்ஸ் படித்த எனக்கு இது முதலில் நஷ்டக் கணக்காகத்தான் தோன்றியது. ஆனால் இன்று உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடித்தளமான லினக்ஸ் கெர்னல், அந்தக் க்னூ உரிமத்தில்தான் வெளிவருகிறது.

ஏபல்சன் இதே எண்ணத்தைக் கல்விக்குக் கொண்டுபோனார். சஸ்மன் தம்பதியருடன் சேர்ந்து அவர் 1985இல் வெளியிட்ட நிரலாக்கப் பாடநூல் உலகப் புகழ்பெற்றது. விலைக்கு விற்கும் அந்தப் புத்தகத்தின் முழுப் பாடத்தையும் பின்னர் இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்துவிட்டார்கள்.

இணையவழிப் பாடம் நடத்தி லாபம் பார்க்கலாமா என்று பல பல்கலைக்கழகங்கள் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. எம்.ஐ.டி.யும் யோசித்தது. கடைசியில், 2001 ஏப்ரலில், தன் பாடத்திட்டம், குறிப்புகள், தேர்வுத் தாள்களை எல்லோருக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது. அதன் பெயர் ஓப்பன் கோர்ஸ்வேர். இதில் ஏபல்சனுக்கு முக்கியப் பங்கு உண்டு. முதல் செலவை இரண்டு பெரிய அறக்கட்டளைகள் ஏற்றன. 2002இல் 50 பாடங்கள், 2007க்குள் சுமார் 1,800. "எல்லாம் இலவசம் என்றால் யார் பீஸ் கட்டுவார்கள்?" என்று கேட்கத் தோன்றும். வகுப்பறையும் ஆசிரியரும் பட்டமும் வேண்டியவர்கள் இன்றும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதே 2001இல் லாரன்ஸ் லெஸ்ஸிக் முதலானோருடன் கிரியேட்டிவ் காமன்ஸ் தொடங்கியவர்களிலும் ஏபல்சன் இருந்தார். எழுதியவரே "என் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள்", "வியாபாரத்துக்கு வேண்டாம்" என்று முன்கூட்டியே அனுமதி தரும் உரிமம் அது. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகள் இந்த உரிமத்தில்தான் வருகின்றன. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும், சென்னை ஐ.ஐ.டி. ஒருங்கிணைக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் அப்படியே. நம் பிள்ளைகள் பலர் பார்க்கும் பாடங்கள்தான்.

ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸின் ஆரம்ப நாட்களில் நிரல் எழுதிக்கொடுத்த சிறுவன் ஆரோன் ஸ்வார்ட்ஸ். வளர்ந்த பிறகு எம்.ஐ.டி.யின் நெட்வொர்க் வழியாக லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை இறக்கினார். 2011 ஜனவரியில் கைதானார். மத்திய அரசு வழக்கில் கடும் குற்றச்சாட்டுகள். 2013 ஜனவரியில், 26 வயதில், தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

எம்.ஐ.டி. எப்படி நடந்துகொண்டது என்று விசாரிக்கும் பொறுப்பை அதன் தலைவர் ஏபல்சனிடம் கொடுத்தார். நினைத்துப் பாருங்கள், அறிவைத் திறந்துவிடப் பாடுபட்டவர் தம் சொந்த நிறுவனத்தையே விசாரிக்க வேண்டும். அந்த ஜூலையில் அறிக்கை வந்தது. நிறுவனம் வழக்குத் தொடரச் சொல்லவில்லை, நடுநிலையாக இருந்தது என்றது. ஆனால் திறந்த அறிவுக்குப் பெயர்பெற்ற இடம் வெறும் நடுநிலையோடு நின்றது சரியா என்ற கேள்வியையும் எழுப்பியது. ஆரோனுக்கு நெருக்கமானவர்கள் இதை மழுப்பல் என்று கண்டித்தார்கள். அவர்கள் கோபத்தில் எனக்கு வியப்பில்லை. எங்கள் கிளையிலும் "மேலிடத்துக்கு எழுதியாச்சு" என்று நாங்கள் நடுநிலையாக இருந்த நாட்கள் உண்டு. நஷ்டப்பட்டது அந்த ஆசிரியை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. இது சந்நியாசம் இல்லை, தொழில்தான். ஏபல்சன் சம்பளம் வாங்கிய பேராசிரியர். கட்டற்ற மென்பொருளில் வேலை செய்யச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகள் இன்று நிறைய இருக்கின்றன. ஆப் இன்வென்டரே ஒரு கம்பெனியில் தொடங்கி, மூல நிரலோடு திறந்துவிடப்பட்டு, எம்.ஐ.டி.க்குப் போய்ச் சேர்ந்ததுதான்.

கடைசியாக நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். நம் பராமரிப்புக் கணக்கு இப்போது விலைக்கு வாங்கிய ஒரு பேக்கேஜில் இருக்கிறது. லைசென்ஸ் முடிந்தால் பழைய வருடக் கணக்கைத் திறக்க முடியுமா என்று பொருளாளரைக் கேட்டேன், அவருக்கும் நிச்சயமில்லை. அதனால் மாதாமாதம் ஒரு பிரதியை லிப்ரே ஆபீஸில் சேமிப்போம். அதில் பழகச் சில நாள் ஆகும், சிக்கல் வந்தால் கூப்பிட கம்பெனி ஆள் இருக்கமாட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாமே கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஞாயிறு காலை சங்க அறையில் பிள்ளைகளுக்கு ஆப் இன்வென்டர் சொல்லிக்கொடுக்க என் பேத்தி ஒப்புக்கொண்டிருக்கிறாள். பெரியவர்களும் வரலாம். நானும் மாணவனாக உட்காரப் போகிறேன்.