"சுகர் பார்டர்லதான் இருக்கு டாக்டர்!"

கிளினிக்ல நான் அடிக்கடி கேட்கிற வசனம் ஒண்ணு: "சுகர் பார்டர்லதான் டாக்டர், பிரச்சினை ஒண்ணும் இல்ல." சொல்றவங்களுக்கு இருபத்தெட்டு, முப்பது வயசு இருக்கும். ஆபீஸ் ஹெல்த் செக்-அப் ரிப்போர்ட்டை போன்ல திறந்து காட்டுவாங்க. ஹெச்.பி.ஏ.1.சி., அதாவது கடந்த ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட், 6.1னு இருக்கும்.

பரீட்சையில பார்டர்ல பாஸானாலும் பாஸ்தான். இதுல அப்படி இல்ல. 5.7-லிருந்து 6.4 வரைக்கும் இருந்தா, உடம்பு ஏற்கெனவே திணற ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். 6.5-ஐத் தொட்டா சர்க்கரை நோய். அதே ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கத்துல 'ஃபேட்டி லிவர், கிரேடு 1'னு ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிச்சிருக்க மாட்டாங்க. பெரும்பாலும் ரெண்டும் ஒரே கதைதான். கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்தா அது இன்சுலின் பேச்சைக் கேட்கிறதில்லை. தேவையில்லாத நேரத்திலும் ரத்தத்துல சர்க்கரையை விட்டுக்கிட்டே இருக்கும்.

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?" இது அடுத்த கேள்வி. 2004-ல் 'லான்செட்' இதழ்ல ரெண்டு டாக்டர்களோட படம் வந்தது. ஒருத்தர் புனே யாஜ்னிக், இன்னொருத்தர் லண்டன் யட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனா உடல் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. அதனால எடை மெஷினை மட்டும் நம்பாதீங்க, வயித்தை டேப் வச்சு அளங்க. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதுக்கு மேல போனா கவனிக்கணும். பேன்ட் சைஸ் கணக்குல வராது. தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டா அந்த சைஸ் எப்பவும் மாறாது!

சரி, மாத்த முடியுமா? நம்ம சென்னையிலிருந்து டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டத்துல இருந்த 531 பேரை எடுத்துக்கிட்டாங்க. தனியா எந்தச் சிகிச்சையும் தராத குழுவுல மூணு வருஷத்துல 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துருச்சு. நடை, சாப்பாடுன்னு மாத்தினவங்கள்ல அது 39 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவங்க கிட்டத்தட்ட அதே அளவு. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், இவங்களுக்கு எடை பெருசா குறையவே இல்ல. இருந்தாலும் பலன் கிடைச்சுது. அதே சமயம் 39ங்கிறதும் சின்ன நம்பர் இல்ல. வாழ்க்கைமுறையை மாத்தினா எல்லாம் மாயமா போயிடும்னு சொல்றவங்களை நான் நம்பறதில்ல.

ஒரு குடும்பத்தைப் பத்திச் சொல்றேன், பேர் வேண்டாம். பையனுக்கு ஓ.எம்.ஆர்.ல வேலை. ராத்திரி பத்தரைக்கு வீட்டுக்கு வருவான். அம்மா சூடா தோசை ஊத்திக்கிட்டே இருப்பாங்க. "புள்ள இளைச்சுட்டான்"னு அஞ்சாவது தோசையும் விழும். அம்மாவுக்கு எட்டு வருஷமா சுகர். தனக்கு மட்டும் தனியா ரெண்டு சப்பாத்தி போட்டுக்குவாங்க, தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா. சப்பாத்திங்கிறதால அது 'சுகர் சாப்பாடு'! நாட்டுச் சர்க்கரை போட்ட டீயும் இதே ரகம்தான். சர்க்கரை எந்த நிறத்துல இருந்தாலும் சர்க்கரைதான்.

அம்மாவையும் வரச் சொன்னேன். வீட்ல ரெண்டு சமையல் வேண்டாம், எல்லாருக்கும் ஒண்ணே போதும்னு முடிவு பண்ணோம். தட்டுல பாதி பொரியல், கூட்டு, கீரை. கால் பங்கு சோறு, இல்லன்னா தோசை. மீதி கால்ல சுண்டலோ முட்டையோ மீனோ. முதல்ல காயைச் சாப்பிட்டு அப்புறம் சோறு. கேட்க ஈஸியா இருக்கு. ஆனா காய் ரெட்டிப்பானா நறுக்குற வேலையும் ரெட்டிப்பாகும், அது யார் தலையில விழும்? 'லைஃப்ஸ்டைல்'னு வாய் நிறைய பேசுறவங்க இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பீன்ஸும் கோஸும் நறுக்கி டப்பாவுல போடுறது பையன் வேலைன்னு எழுதியே கொடுத்தேன். சாப்பாட்டு நேரமும் எட்டு மணிக்கு வந்துச்சு. ஆபீஸுக்கு டப்பா கட்டிக்கிட்டுப் போறான்.

இதுல ஒரு ஆபத்து இருக்கு, கவனமா கேளுங்க. அம்மா கிளிமிபிரைடு சாப்பிடுறாங்க. அந்த வகை மாத்திரை, நாம சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். மாத்திரை அப்படியே இருந்து தட்டுல சோறு மட்டும் பாதியானா சுகர் தாழ்ந்துடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், மயக்கம்கூட வரலாம். அதனால சாப்பாட்டை மாத்துற அன்னைக்கே டோஸைக் குறைச்சோம். வீட்லயே குளுக்கோமீட்டர்ல பார்த்து எழுதச் சொல்லி, பத்து நாள் கழிச்சு மறுபடி குறைச்சோம். மகனோட 6.1-க்காக ஆரம்பிச்ச மாத்தம், அம்மாவோட மருந்துச் சீட்டைத் திருத்த வச்சுது. ஒரே குடும்பத்தை ஒரே டாக்டர் பார்க்கிறதுல உள்ள வசதி இதுதான். யூடியூப் பார்த்துட்டு "மாத்திரையை நிறுத்திடுங்கம்மா"ன்னு நீங்களா சொல்லிடாதீங்க; மாத்திரையைத் தொடாம அவங்க சோத்தை மட்டும் நிறுத்தவும் செய்யாதீங்க.

ஆறு மாசம் கழிச்சுப் பையனுக்கு 5.8. இன்னும் பார்டருக்குள்ளதான் இருக்கான், மூணு மாசத்துல மறுபடி பார்க்கணும். அம்மாவுக்கு இப்போ மெட்ஃபார்மின் மட்டும்தான்.

அடுத்த தடவை ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட போறப்போ, வீட்ல சமைக்கிறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க மாத்திரை அட்டையையும் மறக்காம எடுத்துக்கங்க.